இரத்தம் சொன்ன வயது

என் கணவரின் அண்ணன் ஐம்பத்திரண்டு வயதில் மாரடைப்பால் இறந்தபோது இவருக்கு ஐம்பது. குறைவாகச் சாப்பிட்டால் ஆயுள் கூடுமா என்று பார்க்கும் ஓர் ஆராய்ச்சிக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, செத்த வீடு முடிந்த கையோடு போய்ச் சேர்ந்தார். வழக்கமான சாப்பாட்டில் கால்வாசியைக் குறைக்க வேண்டும். இடைக்கிடை இரத்தம் எடுத்து, உடம்பு எவ்வளவு வேகமாக மூப்படைகிறது என்று பார்ப்பார்கள்.

முதல் முடிவில் உடம்பின் வயது சொந்த வயதைவிடக் குறைவு என்று வந்தது. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் வந்து சொன்னார். எனக்கும் சந்தோஷம்தான்.

அதன் பிறகு சோற்றை அடியோடு நிறுத்தினார். இரவில் ஓர் இடியப்பம். பிறகு அதிலும் பாதி. கட்டிக்கொடுத்த சாப்பாடு வேலையிடத்திலிருந்து தொடாமலே திரும்பி வந்தது. ஜூலை மாதக் கோடையிலும் கம்பளிச் சட்டையோடு இருந்தார். காலையில் அவர் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்த பிறகே கட்டிலை விட்டு இறங்குவேன்.

நாங்கள் இருக்கும் டூட்டிங்கில், மரக்கறிக் கடையில் தெரிந்த பெண் ஒருத்தி என்னைத் தனியே கூப்பிட்டு, "அவருக்கு என்ன வருத்தம்? ஆள் இப்பிடி மெலிஞ்சுபோனாரே. என்னட்டச் சொல்லலாம்தானே," என்றாள். ஒன்றுமில்லை என்றேன். அவள் நம்பவில்லை. எடுத்த சாமான்களை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அந்தக் கிழமையே ரயில் நிலையத்தில், மேலே போகும் நகரும் படிக்கட்டில் எனக்கு முன்னால் நின்ற இவர் பின்பக்கமாகச் சரிந்தார். பிடித்துக்கொண்டேன். என் ஒருத்தியால் அவரைத் தாங்க முடிந்தது. மயங்கியதைவிட அதுதான் எனக்கு நடுக்கத்தைத் தந்தது.

ஆஸ்பத்திரியில் இதயம் மிக மெதுவாகத் துடிப்பதாகச் சொன்னார்கள். ஆராய்ச்சி டாக்டரைத் தொலைபேசியில் அழைத்து, இவர் சாப்பிட்டதைச் சொன்னேன். கால்வாசிதான் குறைக்கச் சொன்னோம், அப்படித்தான் செய்வதாக அவரும் சொன்னார் என்று டாக்டர் திகைத்தார். அன்றே இவரை ஆராய்ச்சியிலிருந்து நிறுத்திவிட்டார்.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கட்டிலருகே இருந்து கேட்டேன்.

"அண்ணை போன வயசைத் தாண்ட வேணும். அவ்வளவுதான்."

"சாப்பிடாமல் கிடந்தால் எப்பிடித் தாண்டுறது?"

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். "எனக்குப் பயமாக் கிடக்கு."

ஊரில் யுத்தம் நடந்து ஷெல் விழுந்த நாட்களில்கூட அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததில்லை.

"எனக்கும்தான்," என்றேன்.

இப்போது சோறு சாப்பிடுகிறார். இரண்டாம் முறையும் கேட்கிறார். இவருக்கு ஐம்பத்தொன்று; அண்ணனின் வயதைத் தொட இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. மாடியில் அவருடைய நடமாட்டம் சற்று ஓய்ந்தால், அடுப்பைக் குறைத்துவிட்டுக் காது கொடுத்து நிற்கிறேன்.