பாதித் திரையில் நாத்தனார்

எனக்கு இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருப்பவர் பிர்யோ. எங்கள் பிரிவின் பொறுப்பாளர். அவருடைய இரண்டாவது திரை இருண்டுபோனால் தலையைத் திருப்பி என்னைக் கூப்பிட மாட்டார். கணினியில் ஒரு டிக்கெட், அதாவது பழுதுப் புகார், அனுப்புவார்: 'வலப்பக்கத் திரையில் படம் இல்லை. அவசரமில்லை.' நான் அதைப் படித்துவிட்டு எழுந்துபோய், கழன்றிருக்கும் கேபிளை அழுத்திவிட்டு வருவேன். பின்லாந்தின் தம்பெரே நகரில் இந்தக் கணினி பழுது பார்க்கும் வேலைக்கு வந்த புதிதில், அவருக்கு என்மேல் ஏதோ கோபம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஜவ்வாது மலையில் கரண்டு போனால்கூட, பக்கத்து வீட்டைப் பார்த்து "உங்க வூட்ல கரண்டு கீதா?" என்று ஒரு குரல் கத்திக் கேட்டால்தான் மனசு ஆறும். இங்கே ஒருவரைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதுதான் மரியாதை. அது எனக்குப் புரிய ஒரு குளிர்காலம் முழுக்க ஆயிற்று.

ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டு ஊரும் ஒன்று. "யாராவது எதையாவது தொட்டீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "இல்லவே இல்லை" என்றுதான் பதில் வரும். காபிக் கோப்பை வைக்க இடம் வேண்டுமென்று திரையை நகர்த்தியிருப்பார்கள்; அது அவர்கள் கணக்கில் தொட்டதில் சேராது. இந்தப் பதிலை நம்பாமல் மேசைக்கு அடியில் குனிந்து பார்ப்பதுதான் என் தொழிலில் முதல் பாடம். தம்பியின் கல்யாணத்தன்று அப்படிக் குனிந்து பார்க்க எனக்கு வழியில்லாமல் போனது.

தம்பி முருகேசனுக்குத் தேதி குறித்த சமயத்தில்தான் என் குடியிருப்பு அட்டை புதுப்பிக்கப் போயிருந்தது. அது கையில் இல்லாமல் நாட்டைவிட்டுப் போனால் திரும்ப உள்ளே வர முடியுமா என்பதற்கு யாரும் உறுதி சொல்லவில்லை. எங்கள் வீட்டு வழக்கத்தில் தாலிக்கு மாப்பிள்ளை ஒரு முடிச்சுதான் போடுவான். மிச்ச இரண்டையும் அவன் கூடப்பிறந்தவள், அதாவது பெண்ணுக்கு நாத்தனார், போட வேண்டும். அவனுக்கு நான் ஒருத்திதான். நான் வெளிநாடு கிளம்பிய அன்று ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டில் என் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, "என் கல்யாணத்துக்கு நீ வந்து முடிச்சு போடணும்க்கா. இல்லாங்காட்டி நான் கட்டிக்கவே மாட்டேன்" என்று மீசை முளைத்த பிள்ளை எல்லோர் முன்னாலும் அழுதான். வர முடியாது என்று நான் போனில் சொன்னபோது அவன் அழவில்லை. ஒரு நிபந்தனை போட்டான்: "சித்தப்பா பொண்ணு செல்வி போடட்டும். ஆனா நீ டிவியில வந்து எல்லார் முன்னாடியும் அவளைப் போடச் சொல்லணும். அதுவரைக்கும் யாரையும் கட்ட வுட மாட்டேன்." சொன்னால் செய்கிற பிடிவாதக்காரன் அவன்.

கல்யாணத்தன்று காலை அலுவலகத்தின் சின்னக் கூட்ட அறையைப் பிர்யோவிடம் கேட்டேன். தம்பிக்குக் கல்யாணம் என்றேன். "வீடியோ எடுப்பார்கள்தானே? சனிக்கிழமை நிதானமாகப் பார்க்கலாமே" என்றார், அக்கறையாகத்தான்.

"பார்ப்பதற்கு இல்லை. நான் சொன்னால்தான் கல்யாணம் முடியும்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "உங்கள் ஊரில் நீ திருமணப் பதிவு அதிகாரியா?" என்றார். "ஒருவகையில்" என்றேன். உடனே எழுந்து வந்து அறையைத் திறந்துவிட்டார்.

மே மாதத்திலும் கழற்ற முடியாத கோட்டுக்குள் பட்டுப்புடவையோடு போய் உட்கார்ந்தேன். அங்கே ஊரில், பந்தலுக்குள், ஆலங்காயத்திலிருந்து சவுண்டு செட்டோடு வாடகைக்கு எடுத்து வந்த பெரிய டிவி நின்றது. தம்பியின் லேப்டாப்பிலிருந்து ஒரு கேபிள் அதற்குப் போனது. சிக்னலுக்காக ஒரு செல்போனைப் பந்தக்காலின் உச்சியில் துண்டால் கட்டி, அதிலிருந்து நெட் எடுத்திருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் செல்வி சோதித்துப் பார்த்தபோது டிவி நிறைய என் முகம் வந்தது. அம்மா திரையைத் தடவி நெட்டி முறித்தாள். இப்போதோ லேப்டாப்பில் இருந்தேன், டிவியில் இல்லை.

"அக்கா, சிக்னல் இல்லன்னு எழுத்து வருது. உன்னைக் காணோம்" என்றாள் செல்வி.

"யாராச்சும் தொட்டீங்களா?"

"ஒருத்தரும் தொடலக்கா."

"கேபிளு?"

"லேப்டாப்புல மாட்டித்தான் கீது."

ரிமோட்டில் சோர்ஸ் மாற்றச் சொன்னேன். டிவியை அணைத்துப் போடச் சொன்னேன். லேப்டாப்பை அணைக்கச் சொல்ல மட்டும் பயம். அந்தப் பந்தக்கால் நெட்டில் நான் மறுபடி வந்து சேருவேனோ மாட்டேனோ. நல்ல நேரம் போகிறது என்று பூசாரி குரல் கொடுத்தார். பெண் வீட்டார் முணுமுணுத்தார்கள். "லேப்டாப்புலயே சொல்லிடறேன்டா" என்றேன். மணையில் இருந்தபடியே முருகேசன் கத்தினான்: "பின்னாடி குந்திகினு கீறவங்களுக்கு நீ தெரிய வேணாவா? அக்காக்காரி வர்லன்னு ஒரு வாய் பேசக் கூடாது." தினமும் செய்கிற வேலையை முதலிலிருந்து தொடங்கினேன்.

"செல்வி, நேத்துலேர்ந்து அந்த டிவி கிட்ட இன்னா நடந்துச்சு? மறைக்காம சொல்லு."

செல்வி அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள். பிறகு செல்வி கேமராவுக்குப் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னாள்: "காலையில நான்தான்க்கா டிவிக்கு ஒரு மாலை போட்டேன். பந்தக்காலு, மணை, மைக்கு செட்டுன்னு எல்லாத்துக்கும் பூ சுத்தினோம். உனக்கும் இருக்கட்டுமேன்னு..."

எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் பக்கம் படத்துக்கு மாலை போடுவது யாருக்கு என்று உங்களுக்குத் தெரியும். நேற்று மகள் முகம் வந்த இடத்தில் மாலை தொங்குவதைக் கண்டதும் அம்மா ஓடிவந்து அதைப் பிடுங்கியிருக்கிறாள். பிடுங்கிய வேகத்தில் டிவிக்குப் பின்னால் இருந்த கேபிளும் கழன்றிருக்கிறது.

"உசுரோட கீற பொண்ணுக்கு... நல்ல நாள்ல அதை வாயால எப்டிம்மா சொல்றது?" என்றாள் அம்மா.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. இந்த ஊரில் எத்தனையோ கேபிள்களைத் தேடிப்பிடித்து மாட்டியிருக்கிறேன். என் ஆயுசுக்காகக் கழன்ற கேபிள் அது ஒன்றுதான்.

செல்வி பின்னால் போய் மாட்டினாள். டிவியில் வெளிச்சம் வந்தது, நான் வரவில்லை. லேப்டாப்பின் வெறும் நீலப் பின்படம். மறுபடி மாட்டியதில் லேப்டாப் அந்த டிவியைத் தனக்குப் பக்கத்தில் நீட்டிய இன்னொரு திரையாக எடுத்துக்கொண்டுவிட்டது. "நான் தெரியற கட்டத்தைப் புடிச்சு வலப்பக்கமா இழு. இழுத்துகினே போ, டிவியில வந்துடும்" என்றேன். அவள் இழுத்தாள். டிவியின் ஓரத்தில் என் முகம் தலைகாட்டியதோ இல்லையோ, "வந்துட்டாப்பா!" என்று பந்தலே கூவியது. அந்தச் சத்தத்தில் மேளம் கொட்டிவிட்டது. முருகேசன் தாலியை எடுத்து முதல் முடிச்சைப் போட்டான். செல்வி மவுஸை அப்படியே விட்டுவிட்டு மணைக்கு ஓடினாள். ஓடியவள் திரும்பிப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"ஐயோ அக்கா, பாதி டிவியில கீற, பாதி லேப்டாப்புல கீற!"

தம்பி தாலிக்கயிற்றை விடாமல் டிவியைப் பார்த்தான். அம்மாதான் சொன்னாள்: "எந்தப் பாதியா இருந்தா இன்னா, அவதான். சொல்லும்மா."

"செல்வி, என் கைன்னு நெனச்சுப் போடு" என்றேன். தம்பி கயிற்றை அவளிடம் கொடுத்தான். இரண்டு முடிச்சையும் அவள் போட்டாள். கூட்ட அறையின் மேசைமேல் வைத்திருந்த என் விரல்களும் தாமாக மடங்கி நிமிர்ந்தன.

கல்யாணப் படங்கள் வந்தன. ஒன்றில் மணமக்களுக்குப் பின்னால், டிவியில் என் ஒரு கண்ணும் பாதி வாயும். மிச்சம் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த லேப்டாப்பில். அதை என் அலுவலகத் திரையில் பின்படமாக வைத்தேன். அடுத்த நாள் பிர்யோவிடமிருந்து ஒரு டிக்கெட் வந்தது: 'உன் திரையில் ஒரு பெண்ணின் முகம் பாதிதான் தெரிகிறது. அவசரமில்லை.'

'பழுது இல்லை. அது நான்தான்' என்று எழுதி டிக்கெட்டை மூடினேன்.