அரசு கட்டும் வட்டி யார் கைக்குப் போகிறது?

ஜூலை மாதத்தின் முதல் வேலைநாள். ஸ்ரீரங்கத்தில் எங்கள் பகுதித் தபால் ஆபீஸ் திறப்பதற்கு முன்பே இருபது பேர் வாசலில் நின்றோம். எல்லோரும் அறுபதைக் கடந்தவர்கள். எல்லோர் கையிலும் பிளாஸ்டிக் கவரில் போட்ட பாஸ்புக்.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி. அது தானாகவே கணக்கில் ஏறிவிடும். யாரும் வர வேண்டியதில்லை. ஆனாலும் வருவோம். மெஷின் அந்த ஒரு வரியை அச்சடிக்கிற சத்தம் காதில் விழுந்தால்தான் எங்களுக்கு வட்டி வந்ததாகக் கணக்கு.

எனக்கு முன்னால் விஜயா. அடுத்த தெருக்காரர். சத்துணவு மைய அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், கணவர் இல்லை. மண்ணச்சநல்லூரில் ஒரு மனையை விற்றுப் போட்ட பத்து லட்சம்தான் அவருடைய மொத்த முதல். பென்ஷன் மளிகைக்கும் பாலுக்கும் சரியாகிவிடும். வாடகை, மருந்து, சிலிண்டர் எல்லாம் இந்த வட்டியில்.

அன்றைக்கு அவர் கையில் பாஸ்புக்கோடு ஒரு படிவமும் இருந்தது. கணக்கை முடிக்கும் படிவம். முழுக்க நிரப்பி, கையெழுத்தும் போட்டாயிற்று. பக்கத்தில் தம்பி சேகர். மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்களுக்குச் சாக்கு சப்ளை செய்கிறவர்.

"என்னங்க, குளோஸ் பண்ணப் போறீங்களா?"

"தம்பி பயமுறுத்துறான் சார். கவர்மெண்டுக்குக் கடன் தலைக்கு மேல போயிருச்சாம். வர்ற வரியில பெரிய பங்கு வட்டி கட்டவே சரியாப் போகுதாம்."

சேகர் போனை நீட்டினார். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ. பின்னணியில் இடி முழக்கம்.

"பாருங்க சார். அவ்வளவு வட்டியையும் எவனோ வெளிநாட்டுக்காரன் வாங்கிட்டுப் போறான். நாளைக்கு அக்காவுக்குக் குடுக்க என்ன இருக்கும்? எனக்குத் தெரிஞ்ச ஃபைனான்ஸ் ஒண்ணு இருக்கு. மாசம் நூத்துக்கு ரெண்டு ரூபா. நானே ஒரு லட்சம் போட்டிருக்கேன்."

சேகர் அக்காவை ஏமாற்றுகிற ஆள் இல்லை. அதுதான் கவலையாக இருந்தது. மாதம் இரண்டு ரூபாய் வட்டி என்று தொடங்கிய எத்தனையோ கதைகளை, போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்று செய்தியாக எழுதியவன் நான்.

"விஜயாம்மா, கவர்மெண்ட் கட்டுற அந்த வட்டியை யாரு வாங்குறாங்க தெரியுமா?"

"யாரு?"

"நீங்கதான்."

சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "என் பணம் இந்த ஆபீஸ் இரும்புப் பெட்டியிலதானே சார் இருக்கு?"

வரிசையில் மூன்று தலைகள் ஆமாம் என்று அசைந்தன. ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவரின் தலையும் அதில் ஒன்று.

விளக்கினேன். நாம் இங்கே போடுகிற பணம் பெட்டியில் தூங்குவதில்லை... அரசுக்குக் கடனாகப் போகிறது. அதே போல பேங்க்குகள், இன்சூரன்ஸ் நிறுவனங்கள், பி.எஃப். நிதிகள் எல்லாம் அரசின் கடன் பத்திரங்களை வாங்கி வைத்திருக்கின்றன. அங்கே இருப்பதும் நம்மைப் போன்றவர்களின் டெபாசிட், பிரீமியம், சம்பளப் பிடித்தம்தான். வெளிநாட்டினரும் உண்டு. ஆனால் மத்திய அரசின் கடனில் பெரும்பகுதி உள்நாட்டில் வாங்கியது.

நிம்மதி அடைவார் என்று எதிர்பார்த்தேன். அடைந்தாரா?

"அப்ப என் பத்து லட்சத்தையும் வாங்கித்தான் மூழ்கிக்கிட்டு இருக்காங்களா?"

கதவு திறந்தது. விடுவிடுவென்று கவுண்டருக்குப் போய்விட்டார். வீடியோ பாதி செய்த வேலையை நான் முழுசாக முடித்துவைத்திருந்தேன்.

கவுண்டரில் இருந்த பெண் படிவத்தைப் புரட்டினார். "ரெண்டு வருஷம் முடிஞ்சிருக்கு. அசல்ல நூத்துக்கு ஒரு ரூபா பிடிச்சுப்பாங்க. பரவாயில்லையாம்மா?"

"பத்தாயிரமா?"

"ஆமாங்கம்மா."

விஜயா படிவத்தின் மேல் கையை வைத்தார். "ஒண்ணு கேக்கிறேன். கவர்மெண்ட்ல பணம் பத்தலைன்னா முதல்ல எதை நிறுத்துவாங்க?"

"ரோடு, பாலம், கட்டடம்னு தள்ளிப் போடுவாங்க. வட்டியை நிறுத்தி நான் பார்த்ததில்லம்மா."

அவர் சொன்னது சரி. பட்ஜெட்டில் வட்டிச் செலவு நாடாளுமன்ற ஓட்டெடுப்புக்குக்கூடப் போவதில்லை. முதலில் அதை எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றது. இதையும் சொன்னேன், இந்த முறை சுருக்கமாக.

விஜயா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப ரோடு போட வேண்டிய காசு எனக்கு வருதா சார்?"

இதற்கு என்ன பதில் சொல்வது? வருகிறது என்றுதான். சோப்பு வாங்குகிற எல்லோரும் வரி கட்டுகிறார்கள். பச்சைமலையில் மரவள்ளிக்கிழங்கு போடுகிறவரும் கட்டுகிறார், பஸ்ஸே அபூர்வமாக வருகிற ஊரில் இருந்துகொண்டு. ஆனால் வட்டி, சேமிக்க முடிந்தவர்களுக்கு மட்டும். எங்கள் வரிசைக்கு.

"வருதுங்க" என்றேன்.

படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு தம்பி பக்கம் திரும்பினார்.

"உன் ஃபைனான்ஸ்காரன்கிட்ட பணம் பத்தலைன்னா முதல்ல எதை நிறுத்துவான்?"

சேகர் வாயைத் திறப்பதற்குள், பின்னாலிருந்து ஆசிரியர் சொன்னார்: "நிறுத்த மாட்டான் தம்பி. ஷட்டரை இறக்குவான்."

வரிசையே சிரித்தது. விஜயா சிரிக்கவில்லை. படிவத்தை நான்காகக் கிழித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். "என்ட்ரி மட்டும் போட்டுக் குடும்மா."

மெஷின் கறகறத்தது.

எனக்கும் என்ட்ரி போட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். பஸ் ஸ்டாப்பில் இருவரும் நின்றிருந்தார்கள். சேகர் வாய்க்குள்ளேயே முனகினார். "கவர்மெண்ட் குடுக்கலைன்னா அப்புறம் என்னைக் கேக்காத அக்கா."

"உன்னை ஏன்டா கேக்கிறேன்? வாங்கினவங்களைக் கேப்பேன். ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருவாங்கல்ல... உக்கார வச்சுக் கேப்பேன். அது இருக்கட்டும், உன் ஒரு லட்சத்துக்கு ரசீது எங்க?"

"பர்ஸ்ல இருக்கு."

"எடு. இப்பவே போய்த் திருப்பி வாங்குறோம்."

"இப்பவேவா? மூணு மணிக்கு மில்லுல லோடு ஏத்தணும் அக்கா."

"ஷட்டர் இறங்கறதுக்குள்ள போகணும்ல. ஏறு."

சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போகிற டவுன் பஸ் வந்து நின்றிருந்தது. தேசத்துக்கே கடன் கொடுத்தவர் முதலில் ஏறினார். பெண்களுக்கு டிக்கெட் இலவசம் — அந்தச் செலவிலும் யாரோ ஒரு விஜயா கொடுத்த கடன் இருக்கும். சேகர்தான் காசு கொடுத்து டிக்கெட் எடுத்தார்.