கண்ணாடிப் பெட்டிக்குச் சாத்திய புடவை

"இந்தப் புடவைய மெட்ராஸ் செத்த காலேஜுல இருக்கற அம்மனுக்குச் சாத்தணும் பாய். நீங்கதான் எங்களை இட்டுகினு போவணும்" என்று ஒரு அம்மாள் எங்கள் ஜவுளிக்கடையில் வந்து கேட்டது எழுபதுகளின் கடைசியில். மியூசியத்தைத்தான் அப்போது செத்த காலேஜ் என்பார்கள். மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ். அங்கே இருப்பதெல்லாம் உயிரோடு இருப்பவை, இங்கே இருப்பதெல்லாம் செத்தவை. படித்தவர் யாரும் இதைவிடச் சுருக்கமாக எனக்கு விளக்கியதில்லை.

அந்த அம்மாள் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரின் மனைவி. திருவண்ணாமலைக்கு வந்தால் எங்கள் கடையில் துணி எடுக்காமல் ஊர் திரும்பாத குடும்பம். மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த விவசாயி கிணறு வெட்டும்போது கடப்பாரை எதிலோ 'ணங்'கென்று பட்டது. மண்ணைத் தள்ளிப் பார்த்தால் ஒன்றரை அடி உயர வெண்கல அம்மன். ஊரே கூடி மூன்று நாள் கற்பூரம் கொளுத்தியது. நாலாம் நாள் தாசில்தார் ஜீப்பில் வந்தார். மண்ணுக்குள் கிடைத்தது சர்க்காருக்குச் சொந்தம் என்று அம்மனை வைக்கோல் சுற்றி ஏற்றிக்கொண்டு, கையில் மெட்ராஸ் மியூசியத்துக்கு என்று எழுதிய ஒரு ரசீது கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அவர்கள் மகளுக்கு வந்த வரன் மூன்றும் தட்டிப்போயிற்று. ஊர் வாய் சும்மா இருக்குமா? "அம்மன் தோள்ல கடப்பாரைய எறக்கின வூட்ல மேளம் எப்பிடிக் கொட்டும்?" என்றார்கள். அந்த அம்மாள், "பொண்ணுக்குக் கல்யாணம் கூடிவந்தா நீ எங்க இருந்தாலும் தேடி வந்து புடவை சாத்தறேன்" என்று வேண்டிக்கொண்டார். நாலாவதாகப் போளூரிலிருந்து வந்த வரன் ஒரே வாரத்தில் கூடிவிட்டது. ஆவணியில் முகூர்த்தம். அதற்குள் வேண்டுதலை முடிக்காவிட்டால் இதுவும் போய்விடும் என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. சரக்கெடுக்க மாசம் ஒரு தரம் மெட்ராஸ் போய் வருபவன் என்பதால் என்னைப் பிடித்தார்கள். நான் மெட்ராஸில் பார்த்ததெல்லாம் ஜவுளி மொத்தக் கடைகளும் பிரியாணிக் கடையும்தான். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "ஓ, போலாமே அண்ணி" என்றுவிட்டேன்.

மியூசியத்து வாசலிலேயே அண்ணியும், கூட வந்த அவர் வீட்டுக்கார அண்ணனும் செருப்பைக் கழற்றினார்கள். முதலில் நுழைந்தது பஞ்சடைத்த மிருகங்கள் இருந்த கட்டடம். "இந்தப் புலிய அடிச்சாங்களா, தானா செத்துதா?" என்று அண்ணி என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? "தானாதான்" என்றேன். "அதான் மூஞ்சி சாந்தமா இருக்குது" என்றார்.

அடுத்தது பெரிய பெரிய எண்ணெய் ஓவியங்கள் மாட்டிய கூடம். எல்லாம் வெள்ளைக்காரத் துரைகள்; ஆளுயரத்துக்கு, வாளும் பூட்ஸுமாக. அண்ணி ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கவலைப்பட்டார்.

"ஒரு படத்துக்குக் கூட மாலை இல்ல, பொட்டு இல்ல. ஏன் பாய்?"

"உயிரோட இருக்கறவங்க படமா இருக்கும்" என்றார் அண்ணன்.

"அத்தினி பேருமா?"

"மாலை போடலன்னா வேற இன்னா அர்த்தம்? நல்லா சாப்புடறவங்க, ஆயுசு ஜாஸ்தி."

எனக்கும் அது சரியென்றே பட்டது.

அங்கிருந்து வெளியே வந்து, கும்பல் நுழைந்த கதவில் நாங்களும் நுழைந்தோம். அது மியூசியத்துக்குள்ளேயே இருந்த நாடக அரங்கு. ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. மேடையில் உயரமான நாற்காலியில் பேண்ட் போட்ட ஒருவர் காலை அகட்டி உட்கார்ந்திருக்க, நாலு பேர் கைகட்டி நின்றார்கள். பார்த்ததுமே அண்ணன் இவர்தான் மேலதிகாரி என்று முடிவுகட்டிவிட்டார். அந்த நேரம் பார்த்து நாற்காலிக்காரர், "யாரங்கே!" என்று கர்ஜித்தார்.

"நான்தாங்கய்யா! கீழ்பென்னாத்தூருங்க!" என்று அண்ணன் ரசீதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடைக்கு ஓடினார்.

ராஜா ரசீதை வாங்கி முழுக்கப் படித்தார். பிறகு ராஜா குரலிலேயே, "வலப்பக்கக் கட்டடம், கீழ்த்தளம்" என்றார். நல்ல மனுஷன்.

வெண்கலச் சிலைகள் அங்கேதான் இருந்தன. கண்ணாடிப் பெட்டி பெட்டியாக அம்மன்கள், ஐம்பதுக்குக் குறையாது. எல்லாருக்கும் ஒரே இடுப்பு, ஒரே சிரிப்பு. அண்ணி அண்ணன் பக்கம் திரும்பினார். "வேற அம்மனுக்குச் சாத்திட்டா இன்னாங்க ஆவறது?" என்றார்.

அண்ணன் மட்டும் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு பெட்டியிலும் இடது தோளைப் பார்த்துக்கொண்டே போனார். சுவரோரம் ஒரு பெட்டி முன்னால் நின்றார். தோளில் நெல்லளவு வெட்டு. மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அண்ணிக்குப் புரிந்துவிட்டது. பையிலிருந்து புடவையை எடுத்தார்.

காவலாளி ஓடிவந்தார். "ஏம்மா, இன்னா பண்றே? பெட்டி பூட்டியிருக்குது. சாவி ஆபீசர் அம்மாகிட்ட. தொடக்கூடாது, போர்டைப் பாரு."

போர்டை நான் படித்தேன். காட்சிப் பொருள்களைத் தொடாதீர்கள் என்று இருந்தது.

"சாமியத் தொடலிங்க. உங்க பெட்டிக்குத்தான் சாத்தப் போறேன்" என்றார் அண்ணி. "பெட்டி காட்சிப் பொருளா?"

காவலாளி பெட்டியைப் பார்த்தார். போர்டையும் பார்த்தார். "அஞ்சே நிமிஷம்" என்றார்.

"பாய், புடிங்க அந்த முந்தானைய."

இருபது வருஷமாகக் கடையில் புடவை விரித்துக் காட்டுகிற கை. மடிப்பைப் பிடித்து ஒரு உதறு உதறினேன். ஆறு கஜமும் பெட்டி மேல் பந்தலாக இறங்கி நாலு பக்கமும் மூடிக்கொண்டது. அந்த வாத்தியம் ஒன்றுதான் எனக்கு வாசிக்கத் தெரியும். அண்ணியும் அண்ணனும் கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் அவர்கள் பையை வைத்துக்கொண்டு ஓரமாக நின்றேன்.

இதில் ஒன்றை நாங்கள் மூவருமே யோசிக்கவில்லை. நம் ஊரில் சாமிக்கு முன்னால் துணி தொங்கினால் ஜனங்களுக்கு ஒரே அர்த்தம்தான். முதலில் ஒரு குடும்பம் வந்து நின்று கை கூப்பியது. அடுத்து ஒரு வாத்தியாரோடு வரிசையாக வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள். பிறகு எங்கிருந்தென்று தெரியாமல் முப்பது பேர்.

"அலங்காரம் ஆவுதா?"

"ஆவுது, ஆவுது. தள்ளாதீங்க."

"திரை எப்ப எடுப்பாங்க?"

"ஆம்பளைங்க இந்தாண்ட, பொம்பளைங்க அந்தாண்ட!" இதைச் சொன்னது காவலாளி. பழக்கம் அவரை இழுத்துக்கொண்டது.

அண்ணி கண்ணைத் திறந்து, இவ்வளவு பேரைப் பார்த்துத் திடுக்கிட்டுப் புடவையைச் சட்டென்று இழுத்தார். அம்மன் தெரிந்தாள். கூடம் முழுக்கக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் சத்தம்.

"இங்கே என்ன நடக்குது?" ஆபீசர் அம்மா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வந்தார்.

"அலங்காரம் மேடம்" என்று காவலாளி சொல்லி, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கும்பல் கலைந்தது. அண்ணன் ரசீதை நீட்டினார். போலீஸில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் மாதிரி, "தோள்ல இடிச்சது நான்தாம்மா. தெரியாம பட்டுட்சி" என்றார்.

ஆபீசர் அம்மா பெட்டியின் கீழே ஒட்டியிருந்த சீட்டில் ஊர்ப் பெயரைப் பார்த்தார். "உங்க கடப்பாரை படலைன்னா இவங்க இன்னும் மண்ணுக்குள்ளதான் இருந்திருப்பாங்க, பெரியவரே. இந்த வெட்டைப் பத்திக் கேக்காத ஆளே இல்ல. எப்படி வந்துதுன்னு எல்லாருக்கும் சொல்றோம்" என்றார்.

"அம்மன் கோவமா இருக்கறாப்பல தெரிதாம்மா?" என்று அண்ணி அவரையே கேட்டார்.

"நான் ரெண்டு வருஷமா தினம் பாக்கறேன். சிரிச்சுக்கிட்டேதான் இருக்காங்க."

அண்ணி பெட்டியைச் சுற்றி நடந்து, மேலே ஓடும் ஃபேனைப் பார்த்தார். உள்ளே எரியும் லைட்டைப் பார்த்தார். விரலால் கண்ணாடியைத் தேய்த்துத் தூசி இருக்கிறதா என்று பார்த்தார். சம்பந்தி வீட்டைப் பார்க்கிற பார்வை. பிறகு அந்தப் புடவையை மடித்து, "இதைத்தான் எம்பொண்ணு முகூர்த்தத்துக்குக் கட்டப்போறா" என்று மார்போடு அணைத்துக்கொண்டார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவர் அப்போதுதான், "பசிக்குது பாய்" என்றார்.

வாசலில் பார்வையாளர் கருத்து எழுதும் நோட்டு ஒன்று இருந்தது. ஆபீசர் அம்மா ஏதாவது எழுதச் சொன்னார். அண்ணி சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

"பொண்ணை நல்ல எடத்துலதான் குடுத்துகிறோம். காத்தோட்டமா இருக்குது. வெள்ளிக்கிழமையில மட்டும் ஒரு முழம் பூ வெச்சீங்கன்னா நல்லாருக்கும். ஆவணியில கல்யாணம். ஆபீசர் அம்மா, வாட்ச்மேன், அந்த ராஜா வேசக்காரரு, எல்லாரும் மொத நாளே வந்துடணும்."

"பஸ்ஸுக்கு வழி எழுதுங்க பாய்" என்றார் அண்ணன்.

எங்களுக்கு விட்டிருந்த கட்டம் தீர்ந்துவிட்டது. பின்னால் நோட்டுக்குக் காத்திருந்த பள்ளிக்கூட வாத்தியார், "என் கட்டத்துலயும் எழுதிக்குங்க, பரவால்ல. ஆனா பசங்களையும் கூப்பிடுங்க" என்றார்.

அண்ணி திரும்பி, பிள்ளைகளை எண்ணிப் பார்த்தார்.

"எழுதுங்க பாய். நாப்பது பசங்க, ஒரு வாத்தியாரு."