உதிரிப் பூ கேட்டவர்

எங்கள் ராகலைக் கடைக்கு மல்லிகைப் பூ வந்து சேர்வதே பெரிய பாடு. இந்தக் குளிரில் அது எங்கே பூக்கிறது? கண்டிப் பக்கத்திலிருந்து காலை பஸ்ஸில், வாழை இலைப் பொட்டலமாக வந்து இறங்கும். வந்த கையோடு நான் உட்கார்ந்து கட்டிவிடுவேன். கட்டின பூதான் விற்கும். உதிரிப் பூவை யார் கேட்கப்போகிறார்கள்?

போன மாதம் ஒருவர் கேட்டார்.

அன்றைக்கு நல்ல மூடுபனி. எதிர்க்கடையே தெரியவில்லை. பஸ் ஹார்ன் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்தது... பஸ்ஸைக் காணோம். பகல்தான், ஆனால் தூக்கத்தில் நடப்பது போலத்தான் எல்லாரும் நடந்துகொண்டிருந்தோம். அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஓர் இளவயது ஆள் வந்து கடைப் படியில் நின்றார். கையில் சின்னத் துணி மூட்டை.

"அம்மா, மல்லியப்பூ இருக்குங்களா?"

"எத்தனை முழம் வேணும் தம்பி?"

"கட்டுனது வேணாங்க. உதிரியாக் குடுங்க."

என் வீட்டுக்காரர் உடனே பொட்டலத்தைப் பிரித்துவிட்டார். வியாபாரம் என்றால் அவருக்கு வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"யாருக்குப்பா பூ?"

"சம்சாரத்துக்குங்க."

பெண் வாசகர்களுக்கு இதற்குள் விளங்கியிருக்கும். ஆண்களுக்காகச் சொல்கிறேன். பெற்ற பிள்ளை போய்விட்டால் தாய்க்குப் பால் கட்டிக்கொண்டு உயிர் போகிற வலி வரும். பால் வற்றட்டும் என்று உதிரி மல்லிகையை மார்பில் வைத்துத் துணியால் கட்டிவிடுவார்கள். தலையில் வைக்கிற அதே பூதான்.

பிரித்த பொட்டலத்தை மூடி வைத்தேன்.

"புள்ள தவறிப்போச்சா தம்பி?"

"அப்புடித்தாங்க தெரியுது."

தெரியுதா? இது என்ன பதில்! உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டேன். பெயர் செல்லமுத்து. உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை. மனைவி பாக்கியம், அதோ பஸ் நிறுத்தத்து பெஞ்சில், கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தலைப்பிள்ளை, பெண். எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. 'ஏழில் பிறந்தது பிழைக்கும், எட்டில் பிறந்தது தங்காது' என்று லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு பேச்சு உண்டு, கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பேச்சையும் சுமந்துகொண்டுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். (எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். நாளைக்கு எனக்கும் வயிற்றுவலி வரலாம்.)

அங்கே பிள்ளையை பல்பு எரிகிற கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். அந்த அறைக்குள் தாய் தகப்பனை விடுவதில்லை. பாக்கியத்துக்குத் துண்டு வெட்டி, வீட்டுக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்த பிறகும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. அந்தக் கதவுக்கு வெளியே சிமெண்டுத் தரையிலேயே கிடந்திருக்கிறாள். டொக்டர் போகும்போதும் வரும்போதும் ஒரே வார்த்தைதானாம்: "பார்ப்போம்."

"இன்னிக்கிக் காலையில மிஸ்ஸி வந்தாங்கம்மா. புள்ளைக்கிப் போட்டிருந்த துணி, கருப்பு வளையல், எல்லாத்தையும் கழட்டிக் கையில குடுத்துட்டாங்க. 'ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க, நாங்க பாத்துக்கிறோம்'னு சொல்லிட்டாங்க."

நர்ஸைத்தான் இங்கே மிஸ்ஸி என்பது. அந்த மிஸ்ஸி சொன்னதில் என்ன தப்பு? டவுன்காரர்களுக்கு ஒன்றுமில்லை. தோட்டத்தில் கேட்டுப் பாருங்கள். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும் பெண்ணிடம் கங்காணி வந்து, "கூடைய வச்சுட்டு வீட்டுக்குப் போ" என்றால் அதற்கு ஒரே அர்த்தம். யாரோ போய்விட்டார்கள். யார் என்று அவர் சொல்லமாட்டார். அவளும் கேட்கமாட்டாள். ஒப்பாரி அவள் லயத்துக்கு வந்த பிறகுதான் தொடங்கும். சாவை வாயால் சொல்லக் கூடாது... அவ்வளவு மரியாதை அங்கே. வீட்டுக்குப் போ என்றும் சொல்லி, துணியையும் கையில் கொடுத்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள்?

"புள்ள மொகத்தப் பாத்தியா?"

"இல்லைங்க. பச்ச மண்ண ஆஸ்பத்திரியிலயே அடக்கம் பண்ணிருவாங்கன்னு சொல்லுவாங்க."

"ஏன்யா, வாயத் தொறந்து ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

மூட்டையின் முடிச்சை அவிழ்த்தார். திரும்பவும் போட்டார்.

"கேட்டா சொல்லிப்புடுவாங்கள்லங்கம்மா?"

எனக்கு வந்த கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

ஆனால் ஒன்று உறுத்தியது. என் நாத்தனார் பிள்ளையை அதே மாதிரிப் பெட்டியில் வைத்தபோதும் வளையலைக் கழற்றித்தான் கொடுத்தார்கள். வெளித்துணி உள்ளே ஆகாதாம். அந்தப் பயல் இப்போது என் கடை மிட்டாய்ப் போத்தலைக் காலி செய்கிறான். அப்படியானால்...?

பூவைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

"ஏய், எங்க கெளம்பிட்ட?" என்றார் வீட்டுக்காரர்.

"ஆஸ்பத்திரிக்கு. சோறு ஆக்கியிருக்கு, போட்டுச் சாப்பிடுங்க."

பாக்கியத்திடம் என்ன சொல்வது? பிள்ளை இருக்கலாம் என்று சொல்லிக் கூட்டிப்போய், அங்கே இல்லை என்றால்? "ஆஸ்பத்திரியில ஒரு கையெழுத்துப் போடணுமாம்மா" என்றேன். பார்த்தீர்களா லட்சணத்தை? இவ்வளவு பேசுகிற நானும் நேராகச் சொல்லவில்லை!

திரும்பிப் போகிற பஸ் மேகத்துக்குள்ளேயே ஊர்ந்தது. மலையுமில்லை, பள்ளமுமில்லை. சில இடங்களில் தேயிலைச் செடியின் நுனி மட்டும் ஜன்னலருகே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. பாக்கியம் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். தூக்கத்திலேயே அவள் கை மடியில் எதையோ மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. ரவிக்கை ஈரமாகி என் சேலைவரை நனைந்தது. பைக்குள்ளிருந்து பூ மணத்தது. இந்த பஸ் ஊர் போய்ச் சேராமல் இப்படியே ஓடிக்கொண்டிருக்கட்டும் என்று நினைத்தேன். சேராதவரை அந்தப் பிள்ளை இருக்கிறது அல்லவா?

பஸ் சேர்ந்துவிட்டது. அது அதன் தொழில்.

வார்டு நடையில் காலை வைத்ததும் அந்த மிஸ்ஸி எங்களைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். சிங்களப் பெண். தமிழ் நன்றாகவே பேசினாள். நன்றாகவே திட்டவும் செய்தாள்.

"போங்கன்னா சொல்லாமக் கொள்ளாம அப்புடியே போயிர்றதா ரெண்டு பேரும்? புள்ளைக்கிப் பால் ஆரம்பிக்கச் சொல்லி டொக்டர் சொல்லிட்டார். ஆஸ்பத்திரி பூரா தேடியாச்சு! தாய் இல்லாம பாலுக்கு நான் எங்க போறது?"

பாக்கியம் அப்படியே நின்றாள். என் கையை எலும்பு நோகப் பிடித்திருந்தாள்.

"மிஸ்ஸி... மூச்சு விடுதுங்களா?"

மிஸ்ஸிக்குக் கேள்வியே விளங்கவில்லை. விடாமல் பின்னே? அவளை ஓரமாக இழுத்துக்கொண்டுபோய், பையைத் திறந்து பூவைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். சும்மா சொல்லவில்லை, நறுக்கென்றுதான் சொன்னேன். அந்தப் பெண்ணின் முகம் செத்துவிட்டது.

"ஐயோ அம்மா... குளிர்ல தரையில கெடக்கிறாளே, பாவம், வீட்டுல ஒரு நாள் தூங்கட்டும்னுதானே சொன்னேன்!"

பாவம் என்றுதான் சொல்லியிருக்கிறாள். அவளை என்ன செய்வது, சொல்லுங்கள்?

பிறகு சட்டமெல்லாம் பறந்தது. பாக்கியத்துக்குக் கை கழுவிவிட்டு, ஒரு வெள்ளைக் கோட்டை மாட்டி, அந்த அறைக்குள் தானே கூட்டிப்போனாள். நானும் செல்லமுத்துவும் கதவுக் கண்ணாடியில் மூக்கை வைத்து நின்றோம். எங்கள் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கி மங்கி மறைத்தது. நான் முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தேன். மஞ்சள் வெளிச்சத்துக்குள் ஒரு கையளவு பிள்ளை. நெஞ்சு ஏறியது... இறங்கியது... திரும்பவும் ஏறியது. பாக்கியம் ஒரு விரலை உள்ளே நீட்டினாள். அது பிடித்துக்கொண்டது.

செல்லமுத்து சத்தமில்லாமல் அழுதார். நான் சத்தமாகவே அழுதேன். எனக்கு அப்படித்தான் வரும்.

கிளம்பும்போது மிஸ்ஸி அந்தப் பூவைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். நடைக் கோடியில் ஒரு சின்னப் புத்தர் இருந்தார். தட்டில் பரப்பி அவர் முன்னால் வைத்தாள். புத்தருக்கு உதிரிப் பூதான் வழக்கம்.

இதைப் படிக்கிற டொக்டர்மாருக்கும் மிஸ்ஸிமாருக்கும் ஒரு விண்ணப்பம். எடை, சூடு, மருந்து, 'பார்ப்போம்', 'போங்க', எல்லாம் பிறகு சொல்லுங்கள். கதவைத் திறந்ததும் முதலில் ஒரே வார்த்தை: இருக்கிறது. இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் நிற்பவர் காதில் வேறு எது ஏறும்? இல்லை என்றாலும் அதை வாயால் சொல்லுங்கள். ஊகித்துக்கொள்ளட்டும் என்று விடுவது மரியாதை என்று நாம்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த மிஸ்ஸி இப்போது தினமும் காலையில் கதவைத் திறந்து, பாக்கியம் சொல்லிக்கொடுத்தபடியே, "ஒங்க புள்ள உசுரோட இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் குட்மோர்னிங் சொல்கிறாளாம்.

போன வாரம் செல்லமுத்து மறுபடியும் கடைக்கு வந்தார். அன்றைக்குப் பனியில்லை. தூரத்தில் வரும்போதே முகம் தெரிந்தது.

"புள்ளைய நாளைக்கி வீட்டுக்கு விடுறாங்கம்மா. கருப்பு வளையல் ஒரு சோடி குடுங்க. பழசு வேணாங்க, அது கண்டதெல்லாம் போதும்."

இருப்பதிலேயே சின்னதைத் தேடி எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"இது வேணாங்கம்மா... பெருசாக் குடுங்க. வளருவாள்ல?"