இடது பையில் மிஞ்சிய மட்டி

புதன்கிழமை, நண்பகல் ளுஹர் தொழுதுவிட்டு வந்து கடையில் பாடசாலைச் சீருடைத் துணி அளந்துகொண்டிருந்தபோது எங்கள் கனிஷ்ட கிரிக்கெட் லீக்கின் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். "சமீம், பாக்கியராசா அண்ணன் போயிட்டார். கரண்ட் மீற்றர் பார்க்கப் போன வளவிலயே நெஞ்சைப் பொத்திக்கிட்டு இருந்திட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சிற்று" என்றார். நான் போனை வைத்துவிட்டுத் துணியை மறுபடி அளந்தேன். பிறகு இன்னொரு தடவையும் அளந்தேன். துணி வாங்க வந்த பெண், "என்ன காக்கா, கணக்கு விட்டுப் போச்சா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். நான் அளவுகோலைக் கீழே வைத்தேன். வரும் சனிக்கிழமை அவரிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுவது என்று அன்று காலையில்தான் முடிவெடுத்திருந்தேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். ஆரையம்பதியைச் சேர்ந்த திரு. பாக்கியராசா வீடு வீடாகப் போய் மின்மானி வாசிப்பவர். சனிக்கிழமைகளில், வாவிக்கரை மைதானத்தில் நடக்கும் பதினைந்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளுக்கு நடுவர். ஒன்பது வருடங்கள் அவர் வெயிலில் நின்றார்; நான் வேப்பமர நிழலில் மேசை போட்டு ஸ்கோர் எழுதினேன். ஒரு வருடம்கூட அவர் இதைச் சொல்லிக் காட்டாமல் விட்டதில்லை. "நிழலில இருக்கிறவர் நல்லா எழுதலாம்தானே" என்பார்.

பயந்த சுபாவம் அவருக்கு. மேகம் கறுத்தால் முதலில் வானத்தைப் பார்ப்பவரும் அவர்தான், ஸ்டம்பைப் பிடுங்குபவரும் அவர்தான். பந்து வாவிக்குள் விழுந்தால் ஆட்டத்தை நிறுத்தி, இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் எண்ணுவார். பந்தை எடுக்கப் பெரியவர்கள்தான் போக வேண்டும். "முதலைக்கு ஜூனியர், சீனியர் எல்லாம் தெரியாது தம்பி" என்பார். நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்காமல் மீண்டும் ஒருமுறை எண்ணுவார்.

பந்துகளை எண்ண அவரிடம் ஆறு மட்டி ஓடுகள் இருந்தன. வாவியில் பொறுக்கிக் கழுவி, கூர் போக உரசி வைத்தவை. ஓவர் தொடங்கும்போது ஆறும் காற்சட்டையின் இடது பையில் இருக்கும். ஒரு பந்துக்கு ஒன்றாக வலது பைக்குப் போகும். இடது பை வெறுமையானால் ஓவர் முடிந்தது. நல்ல எண்ணும் கருவி ஒன்றை வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் கொடுத்தபோது, "மெசின் பிழைச்சா நான் ஆரைக் கேக்கிற?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எங்கள் லீக்கில் ஒரு வழக்கம் உண்டு. பந்துக் கணக்கில் தகராறு வந்தால் நடுவர் ஸ்கோர் மேசையை நோக்கிக் கையை உயர்த்துவார். மேசையில் இருப்பவர் எழுந்து நின்று விரல்களால் காட்டுவார். அதுதான் முடிவு, அதற்கு மேல் எவரும் வாய் திறப்பதில்லை. அந்த மரியாதையை எனக்கு வாங்கித் தந்தவர் பாக்கியராசா அண்ணன்தான். "புத்தகத்தில உள்ளதுதான் உள்ளது" என்று பெற்றோர்களிடம் எத்தனையோ தடவை எனக்காக வாதாடியிருக்கிறார்.

இந்தப் பருவத்தில் கரடியனாற்றிலிருந்து முதன்முறையாக ஓர் அணி வந்தது. வயல்வேலைக் கைகள், அடித்தால் பந்து வாவிக்குத்தான். என் ஊரான காத்தான்குடியின் அணிக்கு எதிரான ஆட்டத்தில் வென்றால் அவர்கள் அரையிறுதிக்குப் போவார்கள், தோற்றால் நாங்கள் போவோம். நாங்கள் என்று எழுதுகிறேன். ஸ்கோர் எழுதுபவனுக்கு அணி கிடையாது என்பது விதி. ஆனால் கடைசி ஓவரை வீசியது என் தங்கையின் மகன் அர்ஷாத்.

ஐந்து பந்துகள் முடிந்தபோது அவர்களுக்கு வெற்றிக்கு இரண்டு ஓட்டங்கள் தேவைப்பட்டன. டிலக்சன் என்ற இடக்கைப் பிள்ளை ஆடிக்கொண்டிருந்தான். பாக்கியராசா அண்ணன் இடது பைக்குள் கையை விட்டுத் துழாவினார். "ஓவர்" என்றார். அர்ஷாத் துள்ளிக் குதித்தான். டிலக்சன் அசையவில்லை. "சேர், இன்னும் ஒரு பந்து இருக்கி" என்றான்.

அண்ணன் மேசையை நோக்கிக் கையை உயர்த்தினார். என் புத்தகத்தின் கட்டத்தில் ஐந்து குறிகள் இருந்தன. நான் பார்த்ததும் ஐந்துதான். கையில் பேனை இருந்தது. ஆறாவதாக ஒரு புள்ளியை வைத்தேன். எழுந்து நின்று ஆறு விரல்களைக் காட்டினேன். டிலக்சன் மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தான். அவர்கள் பஸ்ஸுக்குப் பிந்திவிட்டது என்று ஓடினார்கள். ஆகவே யாருடைய முகத்தையும் நான் பார்க்க வேண்டி வரவில்லை.

அன்று மாலை அண்ணன் அழைத்தார். "தம்பி, வீட்டில இவ உடுப்பு ஊறப் போடக்குள்ள இடது பையில ஒரு மட்டி கிடந்திருக்கு. தையல் விட்டு உள்ளுக்குள்ள போயிருக்கு."

"நீங்க ஏழு போட்டிருப்பீங்க அண்ண" என்றேன்.

"என்னட்ட இருக்கிறதே ஆறுதானே" என்றார். பிறகு, "புத்தகத்தில ஆறுதானே தம்பி?" என்று கேட்டார்.

"ஓம் அண்ண, ஆறுதான்."

"அப்ப சரி" என்று வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளுக்குப் பயந்ததுபோல நான் எதற்கும் பயந்ததில்லை. ஆட்டம் தொடங்குமுன் அவர் மேசைக்கு வருவார். தண்ணீர் குடிப்பார். புத்தகத்தைத் தொடமாட்டார். "அண்டைக்கு ஆறுதானே தம்பி?" என்று மெல்லக் கேட்பார். நான் ஓம் என்பேன். அவர் தலையாட்டிவிட்டு வெயிலுக்குள் போவார். அவர் வண்டிச் சத்தம் கேட்டாலே புத்தகத்தை மூடிவைப்பேன். வேறு கதை பேச நினைத்து மழையைப் பற்றி, மின் கட்டணத்தைப் பற்றி எதையாவது உளறுவேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அதே கேள்விக்கு வருவார்.

அவருடைய விரல்கள் பைக்குள் தடுமாறத் தொடங்கியதையும் கண்டேன். ஒவ்வொரு பந்துக்கும் வாய்விட்டு எண்ணினார். பிள்ளைகள் பின்னால் நின்று சேர்ந்து எண்ணிச் சிரித்தார்கள். ஒரு வீட்டு மீற்றரை அவர் மூன்று தரம் பார்த்துவிட்டுப் போனதாக யாரோ கடையில் பகிடியாகச் சொன்னார்கள். நானும் சிரித்தேன். ஒரு நல்ல மனிதரின் கணக்கை அவரே நம்பாதபடி செய்துவிட்டேன் என்று அன்று தூக்கம் வரவில்லை. ஆனாலும் சொல்லவில்லை. அர்ஷாத் அணி இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டது. தங்கை தன் மகனுக்கு விளையாடப் புதுச் சப்பாத்து வாங்கிவிட்டாள். சொன்னால் அந்த மேசையில் நான் இனி எப்படி இருப்பது என்ற பயமும் இருந்தது. அதுதான் பெரிய பயம்.

வியாழக்கிழமை ஆரையம்பதியில் அவர் வீட்டுக்குப் போனேன். பந்தலின் ஓரத்தில் கரடியனாற்றுப் பிள்ளைகள் தங்கள் அணி மேற்சட்டையோடு நின்றார்கள். இத்தனை தூரம் இவர்கள் ஏன் வந்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை. டிலக்சனிடம் போய், "சேரை உனக்கு நல்லாத் தெரியுமா மகன்?" என்று கேட்டேன்.

"எங்கட மெச் முடிஞ்ச மறுநாளே எங்கட ஊருக்கு வந்தவர்" என்றான். "மோட்டார் சைக்கிள்ல. எல்லாரையும் கூப்பிட்டு, 'அண்டைக்கு அஞ்சு பந்துதான் மனே, பிழை என்ட கணக்கில. எழுதினவரில பிழை இல்ல' எண்டார். மறுகா, அறுத்த வயல் வட்டைக்க ஸ்டம்ப் நட்டு, என்னை நிக்கச் சொல்லி அந்த ஆறாவது பந்தை அவரே போட்டார்."

"அடிச்சியா?"

"இல்ல. போல்ட் ஆகிட்டன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "சேருக்குத்தான் பெரிய கவலை. 'இன்னொண்டு போடட்டா?' எண்டு கேட்டார். நான் வேணாம் எண்டன். 'அப்ப இதோட ஆறு' எண்டு சொல்லிட்டுப் போனவர்."

பந்தலில் ஒரு கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மறுநாளே அவருக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் அதற்குப் பிறகு அத்தனை சனிக்கிழமையும் அவர் என்னிடம் கேட்டது எதற்காக? நானே சொல்லட்டும் என்று வாசலைத் திறந்து வைத்துக் காத்திருந்தாரா? அல்லது என் சொல்லை நம்பி, கரடியனாற்றுக்குப் போய்வந்த பிறகும் தன்னையே சந்தேகித்துக்கொண்டிருந்தாரா? விரல்கள் தடுமாறியது எதனால்? இனி யாரிடம் கேட்பது? எதுவாக இருந்தாலும், எனக்காக ஒருவர் வெயிலில் கூடுதலாக நின்றிருக்கிறார்.

டிலக்சனிடம் அங்கேயே சொன்னேன். "எழுதினவர் நான்தான் மகன். பிழை என்னிலதான். அஞ்சு எண்டு தெரிஞ்சுதான் ஆறு காட்டின." அவன் என்னைப் பார்த்தான், அண்ணன் கிடத்தப்பட்டிருந்த பக்கம் பார்த்தான், மற்றப் பிள்ளைகளிடம் போய்விட்டான். செயலாளரிடமும் சொல்லிவிட்டேன். இறுதியாட்டத்தைத் தள்ளிவைத்திருக்கிறார்கள். முடிவு என்னவானாலும் அந்த மேசையில் நான் இருக்கப் போவதில்லை. அர்ஷாத் என்னோடு பேசுவதில்லை.

புறப்படும்போது அண்ணனின் மனைவி ஒரு சிறு துணிப்பையை என் கையில் வைத்தார். "இது உங்கட விளையாட்டுச் சாமான்தானே தம்பி, நீங்களே வச்சிருங்க" என்றார். வாசலில் நின்று கொட்டி எண்ணினேன். ஆறு மட்டிகள். ஐந்து, வெயிலும் வியர்வையும் பட்டு மஞ்சளித்துப் போனவை. ஒன்று மட்டும், அன்று உடுப்போடு சவர்க்கார நீரில் ஊறி வெளுத்தது, அப்படியே வெள்ளையாக இருந்தது. அந்த நாளுக்குப் பிறகு அவர் அதைப் பைக்குள் போடவேயில்லை போலும். அதற்குப் பதிலாக எதை வைத்து ஆறாவதை எண்ணினார் என்று தெரியவில்லை. அதனால்தான் வாய்விட்டு எண்ணினாரோ என்னவோ.

போய் வாருங்கள், பாக்கியராசா அண்ண. நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள், நான் பிந்திச் சொல்கிறேன். புத்தகத்தில் அந்தப் புள்ளியை வெட்டிப் பக்கத்தில் என் கையொப்பம் வைத்திருக்கிறேன். அன்றைக்கு ஐந்துதான்.