கட்டாத அறை

நகராட்சியில் பழைய கட்டட வரைபடங்கள் என் பொறுப்பில் இருந்தன. வீட்டை விற்பதற்காக வரைபட நகல் கேட்டு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியின் மெக்கானிக் ஒருவர் வந்தார். நகக்கண்ணெல்லாம் கிரீஸ். காகிதத்தைத் தொடும் முன் ஒவ்வொரு முறையும் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

மாடியில் ‘படிப்பறை’ என்று வரைந்திருந்தது. வீட்டில் அப்படி ஓர் அறையே இல்லை என்றார்.

“பாப்பாவுக்குன்னு போட்டதுங்க. கட்டறதுக்குள்ள காச்சல்ல போயிருச்சு.”

“நகல் வேணும்னா, கட்டாததைச் சிவப்பு மையில அடிச்சுக் கையெழுத்துப் போடணுங்க” என்று பேனாவை நீட்டினேன். விதி அதுதான்.

அந்தக் கட்டத்தின் மேல் பேனாவைக் கொண்டுபோனார். பிறகு மூடியைப் போட்டுத் திருப்பித் தந்தார்.

“காயிதத்துலயாச்சும் இருக்கட்டுங்க. நாளைக்கு வாரேன்.”

வரவே இல்லை. இன்றும் நான் சிவப்புப் பேனாவை எடுத்தால், அவர் என் கண்முன் நின்று உள்ளங்கையைத் துடைத்துக்கொள்கிறார்.