நசீரின் குரல் இருந்த சீடி

ஜின் விலக ஓதிய சீடி இந்தக் கற்பிட்டிப் பக்கத்தில் யாருடைய கடையில் அதிகம் விற்றது என்று கேளுங்கள், என் பெயரைத்தான் சொல்வார்கள். அடித்துக் கொடுத்தவன் நான், உறை போட்டவன் நான், ஆனால் ஒரு நாளாவது என் வீட்டில் அதைப் போட்டுக் கேட்டது கிடையாது, ஏனென்றால் ஜின்னும் பேயும் வேலை இல்லாதவனுக்கு வருகிற வருத்தம் என்பது என் கட்சி. ஆகவே இனிச் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, ஹாஜியாருக்கு மூளை கலங்கிவிட்டது என்று நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் இன்னும் சத்தமாகச் சிரித்திருப்பேன்.

தொண்ணூறில் விரட்டப்பட்டு மன்னாரை விட்டு வரும்போது என்னிடம் இருந்தது உடுத்திருந்த சாரமும் உடைந்த ஒரு ரேடியோவும்தான். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. அந்த ரேடியோவைப் பிரித்துப் பிரித்தே தொழில் படித்தேன், கேசட் கடை போட்டேன், பிறகு கொழும்புக்குப் போய்க் கம்ப்யூட்டர் கொண்டுவந்து சீடி அடிக்கத் தொடங்கினேன், பட்டம் படித்த பிள்ளைகளெல்லாம் என் கடை வாசலில் வரிசையில் நின்றார்கள். பள்ளிவாசல் பயான் பேச்சு, கல்யாண வீட்டுப் பாட்டு, தேர்தல் அறிவிப்பு, எல்லாம் இந்தக் கையால் அடித்ததுதான். எத்தாளையில் நீல மாடி வீடு யாருடையது என்று பஸ்ஸில் கேட்டால் கண்டக்டரே காட்டுவான்.

ஒன்றை மட்டும் விளங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் என் கதை உங்களுக்குக் கதையாகத்தான் இருக்கும். நாங்கள் பாவித்த சீடி ஒரே ஒரு தரம் எழுதுகிற சாதி. லேசர் சுட்டால் சுட்டதுதான். கீறலாம், உடைக்கலாம், அடுப்பில் போடலாம், ஆனால் உள்ளே இருக்கிற குரலை மட்டும் துடைத்தெடுக்க யாராலும் முடியாது.

நசீர் என்று ஒரு மீன்காரன். என் வீட்டுக்குப் பின் ஒழுங்கையில்தான் அவன் வீடு. விடிய ஆலங்குடாக் கரையில் மீன் எடுத்து, ஓட்டோவில் ஒழுங்கை ஒழுங்கையாக விற்பான். அவனுக்கு ஒரு குரல் இருந்தது, கொஞ்சம் கரகரப்பு, சொல்லின் வால் மேலே போய் அங்கேயே தொங்கும், கேட்கிறவர்கள் சிரிக்காமல் இருக்க முடியாது. தொண்டை நோகிறது, ஸ்பீக்கருக்கு ஒரு சீடி அடித்துத் தாருங்கள் என்று வந்தான். பென் டிரைவ் போடேன்டா என்றேன். உப்புக் காத்துக்குத் துருப்பிடிச்சிருது ஹாஜியார், சீடிதான் நிக்கும் என்றான். அடைத்த அறைக்குள் அவனால் கூவ முடியவில்லை, வெட்கப்பட்டான். கடைசியில் மைக்கை வெளியே இழுத்துக்கொண்டுபோய், ஓட்டோவில் அவனை உட்காரவைத்துத்தான் பதிந்தேன்.

"மீனோய், மீன்! பாரை இரிக்கி, விளை இரிக்கி, கட்டா இரிக்கி! ராத்தா, சட்டியக் கழுவுங்க, நசீர் வந்துட்டன்!"

அவன் முடிக்க, வேலியில் இருந்த ஒரு காகம் கத்தியது. அதை வெட்டிவிடவா என்றேன். "அதுவும் நம்மட வாடிக்கதானே ஹாஜியார், இரிக்கட்டும்" என்றான். பிறகு ஊர்ப் பிள்ளைகள் அந்தக் காகத்தோடு சேர்த்துத்தான் அவனைப் பழித்துக் காட்டுவார்கள்.

போன நோன்புக்கு முந்தி நசீர் மௌத்தானான். ஆலங்குடாக் கரையில் மீன் பேரம் பேசிக்கொண்டு நின்றவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், எழும்பவில்லை. மனைவி பரீதா இத்தாவில் இருந்துவிட்டாள். வெளியே வரக்கூடாது, அந்நிய ஆண்கள் முகத்தில் முழிக்கக்கூடாது, அந்தத் தவணை முடியும்வரை வீடும் அவளும்தான்.

நசீரின் தங்கை பஸ்ரியாவைக் கட்டியவன் ரபீக். மையித்தை அடக்கிய மண் காய முதல் வந்து, "ஓட்டோ சும்மா நிண்டா துருப்பிடிச்சிரும், நான் ஓட்டி வீட்டப் பாத்துக்கிறன்" என்று ஓட்டோவைக் கிளப்புகிற திறப்பை வாங்கிப் போனான். அதோடு சரி. ஓட்டோ அவனுடையதாகிவிட்டது. அந்த வீட்டுக்கு ஒரு கறிக்கு நாலு சூடை மீன்கூட அவன் கொடுக்கவில்லை.

அதைவிடப் பெரிய அநியாயம், சீடியை அவன் மாற்றவில்லை. காலையில் அந்த ஓட்டோ ஒழுங்கைக்குள் திரும்பும், மௌத்தான மனிதன் "நசீர் வந்துட்டன்" என்று கூவுவான், உள்ளே அவன் பெண்சாதி வெள்ளைச் சீலையோடு காதைப் பொத்திக்கொண்டு இருப்பாள். மகள் சின்னது. சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடும். வாசல்வரை ஓடிப் பிடிக்கக்கூட அந்தத் தாய்க்கு வழியில்லை. என் மனைவி இதைப் பார்த்துவிட்டு வந்து சோற்றில் கை வைக்காமல் அழுதாள்.

ஊரில் எனக்கு ஒரு சொல் இருக்கிறது, நான் போய் நின்றால் காணிச் சண்டையே அடங்கும். ரபீக்கைச் சந்தியில் மறித்தேன்.

"டேய், அந்தச் சீடியக் கழத்து. ஒண்ட குரல்ல ஒண்டு சும்மா அடிச்சித் தாறன்."

"என்ட குரலுக்குப் பூனகூட வராது ஹாஜியார். பொண்டுகள் வாறது மச்சான்ட குரலுக்குத்தான்."

"அங்க ஒருத்தி இத்தாவுல இரிக்காடா!"

"இரிக்கட்டுமே. ஓட்டோ எங்கிட்ட, சீடி ஓட்டோவோட. என்ன, மையித்து எழும்பி வந்து வழக்குப் போடுமா?"

சிரித்துக்கொண்டே ஸ்பீக்கரைக் கூட்டிவைத்தான். அந்தச் சிரிப்புக்கு அவன் பல்லைக் கழற்றியிருப்பேன், முழங்கால் விடவில்லை.

என் மனைவி இந்தப் பதிலைப் பரீதாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். பரீதா அழவில்லையாம். கையை ஏந்தி, "யா அல்லாஹ், அந்தக் குரல் அவனுக்கு வேணுமெண்டா அவனே வெச்சிக்கிடட்டும்" என்றாளாம். பதுவா செய்யாதே, சாபம் விடாதே புள்ள என்று என் மனைவி வாயைப் பொத்தப் போக, "இது பதுவா இல்ல மாமி, குடுத்துட்டன்" என்றாளாம்.

அடுத்த நாள் நல்ல வெயில் ஏறிய நேரம், பேய்க்கதைக்கு ஏற்ற நேரமே இல்லை, நான் வேலியோரம் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நிற்கிறேன். ஓட்டோ வந்தது. "மீனோய், மீன்! பாரை இரி" என்றது, நின்றுவிட்டது. சொல் பாதியில் அறுந்தது. செட்டில் வெளிச்சம் எரிகிறது, சீடி உள்ளே சுற்றுகிறது, ரபீக் இறங்கி ஸ்பீக்கரில் குத்துகிறான், ஒன்றும் இல்லை. சட்டியோடு வந்த பெண்கள் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

நான் கடையைத் திறந்து உட்கார, அவனும் பின்னாலேயே வந்தான். வாயைத் திறக்காமல் சீடியை மேசையில் எறிந்தான். என் செட்டில் போட்டேன். நேரம் காட்டுகிற நம்பர் ஒழுங்காக ஓடியது. ஆனால் சத்தம் இல்லை. குரல் இல்லை, இரைச்சல் இல்லை, அந்தக் காகத்தைக்கூடக் காணவில்லை. திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் சுட்ட அடையாளம் வட்டமாக அப்படியே இருக்கிறது. வேறு சீடியைப் போட்டேன், பாடியது. இதைத் திரும்பப் போட்டேன், ஊமை. என் கைத்தொழிலில் நான் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை.

அப்போது என் முதுகுக்குப் பின்னால், "வேற ஒண்டு அடிச்சித் தாங்க ஹாஜியார்" என்று நசீர் சொன்னான்.

வல்லாஹி, நான் வாசலைத்தான் பார்த்தேன். வாசலில் யாரும் இல்லை. கடைக்குள் ரபீக் ஒருவன்தான் நின்றான். அவன் கண் இரண்டும் வெளியே வந்திருந்தன. தொண்டையைத் தொட்டுப் பார்த்தான். திரும்ப வாயைத் திறந்தான், அதே கரகரப்பு, அதே தொங்கல்.

"நான் கதைக்கல்ல ஹாஜியார். இது நான் இல்ல."

கடலில் தோணி கவிழ்ந்தபோதும் பயப்படாத நான், சொன்னால் வெட்கம், கதிரைக்குப் பின்னால் போய் நின்றேன். பிறகு, உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு ஒரு சந்தோஷமும் வந்தது. "மையித்து வழக்குப் போட்டுட்டு" என்றேன். அவன் ஓடிவிட்டான்.

அன்று அஸர் தொழுகை நேரம் ஓட்டோ பரீதாவின் வாசலில் நின்றது, திறப்பு அதிலேயே தொங்கியது. இப்போது அவளுடைய தம்பி ஓட்டுகிறான். ரபீக் புத்தளத்தில் டாக்டரிடம் காட்டினான், தொண்டையில் ஒரு பிழையும் இல்லை என்றார். மௌலவி ஓதினார், தண்ணீர் கொடுத்தார், மார்க்கத்தில் இப்படி ஒன்று இல்லையே என்று அவரும் தலையைச் சொறிந்தார். பஸ்ரியா தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். "மௌத்தான எங்கட நானா கூப்புடுறாரெண்டு திரும்புறன், நிக்கிறது மாப்புள. எப்பிடி மாமி அவரோட ஒரு வீட்டுல இரிக்கிற?" என்று என் மனைவியிடம் கேட்டாளாம்.

இத்தா முடிந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ரபீக் என் காலைப் பிடித்தான், மன்னிப்புக் கேட்கக் கூட்டிப் போகச் சொன்னான். ஜும்ஆ முடிந்து போனோம். பரீதா திரைக்கு அந்தப் பக்கம் இருந்தாள்.

"பரீதா, நான் செஞ்சது பெரிய பிழ. மன்னிச்சிக்கங்க."

"இன்னொருக்காச் செல்லுங்க" என்றாள். சொன்னான். "பேர மட்டும் செல்லுங்க" என்றாள். அவன் என்னைப் பார்த்தான்.

"பரீதா."

"இன்னம் மன்னிக்கல்ல. வாற வெள்ளிக்கெழம வாங்க."

எனக்கே மனம் கேட்கவில்லை. "புள்ள, ஓட்டோதான் வந்துட்டே, அல்லாஹ்வுக்காக உட்டுடு" என்றேன்.

"மன்னிச்சா அந்தக் குரலும் போயிரும் ஹாஜியார்" என்றாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் அவன் போகிறான், அவள் பெயரைச் சொல்லவைக்கிறாள், திருப்பி அனுப்புகிறாள். மற்ற நாட்களில் அவன் யாரோடும் கதைப்பதில்லை. அந்தச் சீடி என் அலுமாரியில் இருக்கிறது, வேண்டுமென்றால் வந்து போட்டுப் பாருங்கள், நம்பர் ஓடும், அவ்வளவுதான்.

போன வெள்ளி நானும் கூடப் போயிருந்தேன். வழக்கம்போல அவன் "பரீதா" என்றான். ஆனால் நிறுத்தவில்லை. மெதுவாக, வீட்டு மனிதன் சாப்பிட உட்கார்ந்து கேட்பதுபோல, "ராவெல்லாம் இருமினாளே, புள்ளைக்கு இப்ப சொகமா?" என்று கேட்டான்.

திரைக்குப் பின்னால் பரீதா, "ஓம், இப்ப பரவாயில்ல" என்றாள்.

வெளியே வந்ததும் ரபீக் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான், கேட்டது தான் இல்லை என்று தலையை ஆட்டினான், ஆட்டிக்கொண்டே இருந்தான். அந்தப் பிள்ளைக்கு இருமல் என்று அவனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.